ஏற்காட்டில் நிற்கும் கார்: மழை, பனிக்கு முன் எந்த சர்வீஸ், பின் எந்த சர்வீஸ்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டில் வீடோ தோட்டமோ வைத்துக்கொண்டு சேலத்திலும் வெளியூரிலும் குடியிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு மலை வீட்டில் ஒரு வண்டி நிற்கும். ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் மேலே போவது குறையும். மார்கழிப் பனி விலகும்வரை அந்த வண்டியை யாரும் தொடுவதில்லை. பொங்கல் விடுமுறைக்குப் போய்ச் சாவியைத் திருப்பும்போதுதான் செல்ஃப் எடுக்காதது, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, சீட்டில் பூஞ்சை படர்ந்திருப்பது எல்லாம் தெரியவரும்.

அப்படி வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் கீழே. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் போன்ற திரவ வேலைகளை வண்டியை நிறுத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டயர், பேட்டரி, வைப்பர் போன்றவற்றுக்குக் காசு செலவழிப்பதை வண்டியை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மட்டும் இரண்டு தடவையும் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டி ஊரைத் தாண்டியதும் நேராக 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் இறங்கப் போகிறது.

இங்கே பனிக்கட்டியா விழுகிறது? குளிர்காலத்துக்கென்று தனியாக ஏன் பார்க்க வேண்டும்?

பனிக்கட்டி விழுவதில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏற்காடு உறைநிலைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் காரை மூடி வைப்பதற்குக் காரணம் கடுங்குளிரும், பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பும். இங்கே நம் வண்டியைக் கெடுப்பது ஈரம்.

இரவில் தகடு குளிர்ந்துவிடுகிறது. விடிந்ததும் மூடுபனியோடு வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த இரும்பில் பட்டு நீராகிறது. பானெட்டின் மேல் நிற்கும் துளிகளைத் துடைத்துவிடலாம். அதே வேலை பிரேக் டிரம்முக்கு உள்ளேயும், பாதி காலியான பெட்ரோல் டேங்குக்கு உள்ளேயும், சைலன்சருக்கு உள்ளேயும் தினமும் நடக்கிறது. அங்கே துடைக்க யாருமில்லை. தகர ஷெட்டில் நிறுத்தினால் கூரையின் உட்புறத்திலேயே நீர் கோத்து வண்டியின் மேல் சொட்டும். கவனித்துப் பாருங்கள், மழை பெய்யாத நாளிலும் சொட்டும்.

எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் எடுப்பது?

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆயுத பூஜை செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபர் நான்காம் வாரத்துக்கும் இடையில் வரும். ஆகவே பூஜைக்கு முன் சர்வீஸ், பூஜை முடிந்ததும் நிறுத்தம், பொங்கலுக்கு எடுப்பது என்று வைத்துக்கொண்டால் கணக்கு நம் காலண்டரோடு சேர்ந்துவிடுகிறது. மறக்காது.

ஆனால் பூஜைக்கு முந்தைய வாரம் ஒர்க் ஷாப் பக்கமே போக முடியாது. சேலத்தில் ஐந்து ரோடு, சூரமங்கலம், அஸ்தம்பட்டி என்று எங்கே போனாலும் “அண்ணா, பூஜை முடிஞ்சு வாங்க” என்பார்கள். எடுத்துக்கொண்டாலும் அவசர வேலையாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் முன்னதாக விட்டுவிடுங்கள். மெக்கானிக் நிதானமாக நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்க அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

மேலேயே விடுவதா, சேலத்துக்கு இறக்கிவிடுவதா?

இடம் இருந்தால் இறக்கிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சேலம் ஏற்காட்டைவிட எவ்வளவோ உலர்ந்த ஊர். பேட்டரிக்கும் ரப்பருக்கும் வெயில் ஆகாது என்றாலும் நவம்பர், டிசம்பரில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் வண்டி மேலே மாட்டிக்கொண்டால் இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

தோட்டக்காரர்களுக்கு இது ஒத்துவராது. காப்பிப் பழம் பறிக்கும் பருவமே நவம்பரில் தொடங்குகிறது, ஜீப் இல்லாமல் முடியாது. அது தினமும் ஓடுகிற வண்டி, அதற்கு இந்தப் பக்கம் தேவையில்லை. குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் காரை இறக்கிவிட்டு ஜீப்பை மட்டும் மேலே வைத்துக்கொள்ளலாம்.

வண்டி இந்த வருஷம் 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டுமா? நிறுத்தும் முன்பா, எடுத்த பிறகா?

மாற்ற வேண்டும். அதுவும் நிறுத்தும் முன்பு.

பெரும்பாலான கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அது என்றுதான் போட்டிருக்கும். நாம் கிலோமீட்டரை மட்டும் படித்துவிட்டு வருடத்தை விட்டுவிடுகிறோம். குறைவாக ஓடிய வண்டியின் ஆயில் நன்றாக இருக்கும் என்பது தப்பான எண்ணம். ஏற்காட்டிலேயே வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு எஞ்சின் முழுதாகச் சூடாவதே இல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி ஆயிலோடு கலந்துவிடும். எஞ்சின் சூடாகி நீண்ட நேரம் ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும்.

உங்கள் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். கறுப்பான மெல்லிய படலம் இருந்தால் சரி. மஞ்சள் கலந்த வெள்ளையாக, தயிர் ஏடு போலக் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் இது குறைந்த ஓட்டத்தால் வருவது. கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) சந்தேகிக்க வேண்டும், உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பழைய ஆயிலில் எரிதலின் கழிவாக அமிலமும் சேர்ந்திருக்கும். அந்த ஆயிலோடு மூன்று மாதம் நின்றால் பேரிங் பரப்புகள் மூன்று மாதமும் அதில் ஊறும். புது ஆயில் ஊற்றி ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் உள்ளே எல்லா இடத்திலும் சுத்தமான எண்ணெய்ப் படலம் இருக்கும். பொங்கலுக்கு எடுத்த பிறகு மறுபடி மாற்றத் தேவையில்லை. நின்ற ஆயில் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், மூன்று மாதத்தில் கெடாது.

தோட்டத்து வாட்ச்மேன் தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். போதும்தானே?

நல்ல மனதோடு செய்கிறார். ஆனால் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. காலைக் குளிரில் சைலன்சர் வாயில் நீர் சொட்டுவது அதுதான். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடாகாது, நீர் உள்ளேயே தங்கிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து உள்ளிருந்து துருவை ஏற்றும். பேட்டரிக்கும் லாபமில்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தை ஐந்து நிமிட ஐடிலிங் முழுதாகத் திருப்பித் தருமா என்பதே சந்தேகம். பி.எஸ்.6 டீசல் வண்டியாக இருந்தால் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வேறு அடைத்துக்கொள்ளும்.

இரண்டில் ஒன்றுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொடாமல் விடலாம். அல்லது ஓட்டத் தெரிந்த ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டலாம். மழை விட்ட ஒரு மத்தியானம் நாகலூர் பக்கம் போய்த் திரும்பினால் எஞ்சின், பிரேக், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்ததாகும். அந்த அரை மணியில் பத்து நிமிடம் ஏசியையும் போடச் சொல்லுங்கள். ஏசி கம்ப்ரசரின் சீல்களுக்கு எண்ணெய் போவது அது ஓடும்போதுதான்.

பேட்டரியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் என்றால் கழற்றுங்கள். வண்டி பூட்டிய நிலையிலும் அலாரம், கடிகாரம், ரிமோட் ரிசீவர் ஆகியவை மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 30 நாளில் 21-க்கு மேல். சின்னக் காரின் பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். இரண்டாவது மாதத்தில் என்ன மிஞ்சும்? இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தட்டுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அதன் பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். கழற்றும் முன் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி.

ஒரு விஷயம் அவசியம் பாருங்கள். பேட்டரி இல்லாதபோது ரிமோட் வேலை செய்யாது. கதவைச் சாவி போட்டுத் திறக்க முடிகிறதா என்று நெகட்டிவைக் கழற்றுவதற்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் ரிமோட்டையே அழுத்திப் பழகிய வண்டிகளில் சாவித் துவாரம் இறுகிப்போயிருக்கும்.

டேங்கை நிரப்பி நிறுத்துவதா, காலியாகவா?

நிரப்பி. டேங்கில் காலியிடம் குறைந்தால் உள்ளே ஈரக்காற்றும் குறையும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோல் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மூன்று மாதத்துக்கு நிரம்பிய டேங்க் தாங்கும். அதற்கு மேல் போகும் என்றால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள், யாரிடமாவது ஓட்டக் கொடுங்கள்.

கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடர், மாருதி 800 வைத்திருப்பவர்கள் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கினால் காய்ந்து பிசினாகி ஜெட் என்ற நுண்துளையை அடைக்கும். பெட்ரோல் வரும் குழாயை மெக்கானிக்கை வைத்து அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் போதும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்கென்று செய்தவை அல்ல. விரலால் அழுத்திப் பார்த்து, கொழகொழப்போ வெடிப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

டீசலுக்கும் நிரம்பிய டேங்க்தான். கூடவே ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.

பிரேக் ஆயிலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இறக்கத்தில் வண்டியை நம்பி உட்காரும் குடும்பம் அந்தத் திரவத்தைத்தான் நம்பி உட்காருகிறது.

பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் வகைகள். புது டாட் 3 திரவம் 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினால் போதும் என்பது தர விதி. டாட் 4 என்றால் 230, 155. கோரிமேடு தாண்டிய அடிவாரம்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டியில் பேடுகளின் சூடு அவற்றை அழுத்தும் கேலிப்பர் வழியாகத் திரவத்துக்குப் போகும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். பெடல் தரைவரை போகும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். அந்த இரண்டு வருடம் பொங்கலுக்குள் முடிகிறது என்றால் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஈரம் ஏறிய திரவம் நிற்கும் காலம் முழுக்க வீல் சிலிண்டரையும் கேலிப்பர் பிஸ்டனையும் உள்ளிருந்து அரிக்கும். தவிர, எடுத்த பிறகு மாற்றச் சேலத்துக்குத்தான் இறங்கி வர வேண்டும். பழைய திரவத்தோடா அந்த 20 வளைவுகளில் இறங்குவது?

மாற்றும்போது சீல் உடைக்காத புது டப்பாவை வாங்குங்கள். பாதி உபயோகித்து மூடி வைத்த டப்பாவில் ஈரம் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தலாமா?

கூடாது. டிரம்மோடு லைனிங் அழுந்திய நிலையில் ஈரம் பட்டால் இரண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கல்லைவிட மரக்கட்டை நல்லது, வழுக்காது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பி-யில் போட்டுக் கட்டை.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தி இழுக்காதீர்கள். லைனிங் பிய்ந்து டிரம்முக்குள் விழுந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு விட்டுவிடும்.

கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பட்டியலில் ஆன்டிஃப்ரீஸ் என்று இருக்கிறது. இங்கே தேவையா?

அவர் ஊருக்கு அது உயிர் காக்கும் விஷயம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரிவரை உறையாமல் காக்கும். நமக்கு உறைதல் கவலை இல்லை. ஆனாலும் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்புப் பொருள்தான் நமக்கு வேண்டியது. வெறும் தண்ணீரோடு மூன்று மாதம் நின்ற ரேடியேட்டரைத் திறந்தால் செம்மண் கரைசல்தான் வரும். அது மட்டுமல்ல, ஏற்காட்டின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழு லோடு ஏற்றி மலை ஏறும் வண்டிக்கு கூலன்ட் அந்த வகையிலும் துணை.

அந்தப் பட்டியலில் உள்ள ஸ்னோ டயர், உப்புக் கழுவல் இரண்டையும் விட்டுவிடலாம். மற்றதெல்லாம் இங்கேயும் பொருந்தும்.

டயருக்கு எவ்வளவு காற்று?

வழக்கமான அளவைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்து நிறுத்துங்கள், ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவது குறையும். எடுக்கும்போது சரியான அளவுக்கு இறக்கிவிட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

சேலத்தில் அடித்த காற்று மேலே மாறிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். உயரம் ஏறினால் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூட்டிக் காட்டும். குளிர் அதில் பாதிக்கு மேல் குறைத்துவிடும். மிச்சம் கவலைப்படும் அளவல்ல.

எலித் தொல்லைக்கு என்ன வழி?

முழுத் தீர்வு என்று ஒன்று கிடையாது. குளிர் வந்ததும் காட்டெலி கதகதப்பான இடம் தேடி வருகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் சில்வர் ஓக் இலை, பஞ்சு, கடித்துப் போட்ட கொட்டை என்று ஒரு கூடே இருக்கும். ஃபில்டர் தாள் மெத்தையாக நறுக்கப்பட்டிருக்கும். அது 500 ரூபாய்ச் செலவோடு போகும். வயரிங்கைக் கடித்துவிட்டால் செலவு பல ஆயிரம்.

ஷெட்டில் புண்ணாக்கு, தானியம், காப்பிக்கொட்டை மூட்டை எதையும் வைக்காதீர்கள், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். காற்று உள்ளே போகும் குழாயின் வாயில் கம்பி வலையைக் கட்டி, எடுக்கும்போது மறக்காமலிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். பானெட்டைத் திறந்தே வைப்பதும் உதவுகிறது, இருட்டும் மறைவும் இல்லாத இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். அந்துருண்டை போடாதீர்கள். அதன் வாடை ஏசி வழியாக உள்ளே ஏறினால் லேசில் போகாது.

கழுவி மூடி வைத்தால் போதுமா?

கழுவி, காயவைத்து, பிறகு மூட வேண்டும். மேலே பளபளப்பது முக்கியமில்லை. சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் அப்பியிருக்கும் செம்மண்ணைப் போக்குவதுதான் வேலை, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமத்தை அப்படியே மாதக்கணக்கில் விடாதீர்கள், பெயின்ட்டில் கறை விழும். பூஜைக்கு மறுநாள் ஈரத்துணியால் எடுத்துவிடலாம்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலை சேரும். அங்கே மழைநீர் வடிய இரண்டு ஓட்டைகள் உண்டு. அவை அடைத்தால் நீர் வண்டிக்குள் இறங்கிக் கால்மிதிக்கு அடியில் தேங்கும். கையை விட்டு அள்ளிப் போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள்.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். காற்றுப் புகும் துணிக் கவர்தான் சரி. உள்ளே மிதியடிகளை எடுத்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் அடுப்புக்கரி வையுங்கள். ஈரக் குடையை மறந்துபோய் உள்ளேயே விட்டு வராதீர்கள். நிறுத்தும் நாளில் கடைசி ஐந்து நிமிடம் ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காயும், பூஞ்சை வாடை வராது.

எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்?

புது டயர், புது பேட்டரி, வைப்பர் பிளேடு, கேபின் ஃபில்டர், வீல் அலைன்மென்ட். நிற்கும் வண்டியில் புது டயர் போட்டால் ஓடாமலேயே வயதாகும். பேட்டரிக்கு வாரண்டி நாள் வாங்கிய தேதியிலிருந்து ஓடும். டயர் எத்தனை பழையது என்று பார்க்கப் பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வயது தாண்டிய டயரை, பட்டன் (தரையில் படும் வெட்டுப் பகுதி) நன்றாக இருந்தாலும், மலைப்பாதைக்கு நான் வைத்துக்கொள்ள மாட்டேன்.

நிற்கும் வண்டிக்கு இன்சூரன்ஸ் எதற்கு?

பொதுச் சாலையில் ஓட மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். நிற்கும் காலத்துக்கும் முழுக் காப்பீடு வேண்டும் என்பேன். மரம் சாய்வதும் மண் சரிவதும் வண்டி நிற்கும்போதுதான் அதிகம் நடக்கும், புயல், வெள்ளம், மண்சரிவு எல்லாம் முழுக் காப்பீட்டில் அடங்கும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் வருஷக்கணக்கில் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். புகைச் சான்று, 15 வருடம் ஆன வண்டியின் ஆர்.சி. புதுப்பிப்பு இவற்றின் தேதியையும் நிறுத்தும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு எடுக்கும் நாளில் என்ன வரிசை?

காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள், சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அல்ல. முதலில் அடியில் குனிந்து எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பார்த்து, வலையை எடுங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகளைப் பார்த்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள்.

அடுத்து பிரேக். பெடலை அழுத்தி முப்பது விநாடி பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அந்த வண்டி அன்றைக்கு நகரக் கூடாது. கெட்டியாக நின்றால் ஏரியைச் சுற்றியுள்ள சாலையில் மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று தடவை கரகரவென்று சத்தம் வரும், டிஸ்க்கில் படிந்த மேல்துரு உதிர்வது அது. அதற்குப் பிறகும் சத்தம் நின்றபாடில்லை, அல்லது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் மேலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இறங்கும்போது இரண்டாம் கியர். நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல் அழுத்தி, விட்டு, அழுத்தி வாருங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், விதியும் அதுதான். பாதி வழியில் ஒதுங்க இடமிருக்கும் இடத்தில் நிறுத்திச் சக்கரங்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மூன்று சக்கரம் ஒரே மாதிரி இருந்து ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக அடிவாரம்வரை வந்து, முதலில் பார்க்கும் ஒர்க் ஷாப்பில் அந்தச் சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். தள்ளிப்போட்ட அலைன்மென்ட்டையும் டயரையும் சேலத்துக்கு வந்து அதே வாரத்தில் முடித்துக்கொள்ளலாம்.